பொடி என்று நான் கேட்கவில்லை

அக்கா,

இன்று காலை பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார். அந்த நெடி ஏறியதும் உங்கள் நினைவு வந்துவிட்டது.

பிள்ளையார்பாளையத்தில் உங்கள் வீட்டுக்கு நான் முதலில் வந்தபோது கதவைப் பாதிதான் திறந்தீர்கள். புகையிலைக்கு யார் அடிமையாகியிருக்கிறார்கள் என்று கண்டறிய ஒரு கேள்வித்தாள் தயாரிக்கிறோம், அது சரியாகக் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்க எச்சிலையும் சோதிப்போம் என்றேன்.

"எச்சில எடுத்துக்கினு போய் இன்னா செய்வீங்க? ரேஷன் கார்டுல கை வைப்பீங்களா?"

தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான் என்றதையும் நீங்கள் நம்பவில்லை. பீடி, சிகரெட், புகையிலை என எதைக் கேட்டாலும் 'இல்லை' என்றீர்கள். கடைசியில் பஞ்சை வாயில் வைத்து எடுத்துக் கொடுத்தீர்கள்.

சோதனையில் நிக்கோட்டின் ஏராளமாக இருந்தது. நீங்கள் பொய் சொன்னதாகவே முடிவு கட்டினேன்.

பதில்கள் மாறுகின்றனவா என்று பார்க்க, இரண்டு வாரம் கழித்து அதே கேள்விகளோடு வந்தேன். "போன தடவ சொன்னத நம்பலையாம்மா?" என்றீர்கள். நான் வாயை அடக்கியிருக்க வேண்டும். "எச்சில் வேற சொல்லுதேக்கா" என்றேன். அது தறியில் இருந்த உங்கள் கணவர் காதில் விழுந்தது. இழை ஓட்டும் நாடாவை வைத்துவிட்டு உங்களை ஒரு பார்வை பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நீங்கள் அலமாரியிலிருந்து ஒரு சிறிய மூக்குப்பொடி டப்பாவை எடுத்து என் கையில் வைத்தீர்கள். "நான் தொடுறது இது ஒண்ணுதான். பல்லுல தேய்ப்பேன். இது பொடிம்மா, புகையிலை இல்லியே?"

அந்தப் பொடியே அரைத்த புகையிலைதான். அதே கேள்விகளைப் 'பொடி' என்று மாற்றிக் கேட்டேன். எழுந்து எவ்வளவு நேரத்தில்? "கண்ணு முழிச்ச உடனே." தேய்க்காவிட்டால்? "தலை கிறுகிறுனு சுத்தும். இழையே கண்ணுக்குத் தெரியாது." எல்லாமே உச்ச மதிப்பெண். உதட்டை விலக்கிக் காட்டச் சொன்னேன். ஈறோரத்தில் வெள்ளையாக ஒரு திட்டு.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்ச் சோதித்தபோது அது புற்றாக மாறியிருந்தது. மருத்துவர் எதைச் சொன்னாலும், மறைக்கிறாரோ என்று என் முகத்தைப் பார்ப்பீர்கள். அறுவை, கதிர்வீச்சு எல்லாம் தாண்டி இரண்டு ஆண்டுகள் இருந்தீர்கள். அதற்குள் பொடி எங்கள் கேள்வித்தாளில் ஏறிவிட்டது. உங்கள் தெருவிலேயே பல பெண்கள் அதற்கு 'ஆமா' என்றார்கள்.

உங்கள் காரியத்தன்று உங்கள் கணவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "அன்னிக்கு நீ வந்துட்டுப் போனதுலேர்ந்து அவ இன்னா சொன்னாலும் எனக்குச் சந்தேகம்தாம்மா. பொடி மட்டுந்தான்னு சத்தியம் பண்ணா. வேற எதையோ மறைக்கிறானு நெனச்சேன். பொய்யா சொன்னா?"

"இல்லண்ணா. அக்கா உண்மையத்தான் சொன்னாங்க. நான்தான் சரியா கேக்கல."

அவர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். "இத அவ இருக்கறப்பவே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

ஆஸ்பத்திரி வரிசையில் நாம் மூவரும் எத்தனை நாள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், அக்கா. ஒரு நாளாவது அவரிடம் திரும்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் இன்னும் என்னோடு இருக்கிறது.