அம்மாவின் படையலுக்கு டுரியான்

தம்பி சரண்,

பெரியம்மாவை அழைத்துவர கிள்ளானுக்குப் போகிறேன். அம்மாவின் முதல் திதிக்குச் சுட்ட வடை அடுப்படியில் இருக்கிறது, கை வைக்காதே. வாசலில் நாறிக்கொண்டு கிடக்கும் டுரியான் பழத்தைப் பிளந்து அம்மா படத்துக்கு முன்னால் வை.

"படையல்ல டுரியானா? வந்தவங்க எல்லாம் ஓடிருவாங்க லா!" என்று காலையில் கத்தினாய். ஓடட்டும். நீ மூக்கில் தைலம் தடவிக்கொள். நாம் சுளையைத் தின்றுவிட்டுப் போட்ட கொட்டையைச் சப்பிக்கொண்டு, "எனக்கு இதான்டா பிடிக்கும்" என்பார் அம்மா. நாமும் மாடு மாதிரி நம்பினோம். இன்றைக்கு முழுச் சுளையும் அவருக்கு.

அக்கா

பி.கு.: படைத்ததும் கதவைச் சாத்திவிட்டு, உன் மகள் யாழினியைக் கீழே தூக்கிக்கொண்டு போய்விடு. பேத்தி பக்கத்தில் இருந்தால் அம்மா சாப்பிடமாட்டார், அவளுக்கே ஊட்டிவிடுவார்.