அம்மி ஏறிய படகு

லாரேடோவுக்கு எதிர்க்கரை, 1848

அன்புள்ள அம்மாவுக்கு, பெத்ரோனிலா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகமாக இருக்கிறேன்.

பயப்படாதீர்கள், நான் அமெரிக்கா பக்கம் மாட்டிக்கொள்ளவில்லை. மேற்கே நிலம் தேடி வந்த அமெரிக்கர்கள் டெக்சாஸை எடுத்துக்கொண்டு, பிராவோ ஆறுதான் எல்லை என்றதால் மூண்ட சண்டை முடிந்து, வடகரை அவர்களுக்கே போய்விட்டது; தென்கரைதான் இனி நம் மெக்சிகோ. எஜமானியம்மாவின் வீடு வடகரையில். இருப்பதா, தென்கரைக்குப் போவதா என்று அவர் முடிவெடுக்கவே இல்லை. அங்கேயே இருந்துவிட்டால் உங்களைப் பார்க்க முடியாதோ என்று பயந்தேன். கேட்கக் கூச்சம். நேற்று, ரொட்டிக்குச் சோளம் அரைக்கும் அம்மியைத் தூக்கிக்கொண்டு தென்கரைப் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"அடியே! அம்மிய எங்கடி தூக்கிட்டுப் போற?" என்று எஜமானியம்மா கரையிலிருந்து கத்தினார்.

எஜமானர் சிரித்துவிட்டார். "ரொட்டி அந்தக் கரைக்குப் போயாச்சு. நீ அவங்க கொடியப் பாத்துக்கிட்டுப் பட்டினி கிட, நான் போறேன்."

"வாயில்லாப் பூச்சின்னுல்ல நெனச்சேன் இவள!" என்று திட்டிக்கொண்டே எஜமானியம்மாவும் ஏறினார்.

இப்போது கூடாரத்தில் இருக்கிறோம். இந்தக் கடிதம் கொண்டுவரும் கழுதைக்காரரிடம் காய்ந்த மிளகாயும் உங்கள் பழைய சால்வையும் கொடுத்துவிடுங்கள். சால்வையைத் துவைக்க வேண்டாம்.

கழுதைக்காரர் அவசரப்படுத்துகிறார். இங்கே வர நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், அம்மா. வழியில் எல்லை எதுவும் இல்லை, மலை மட்டும்தான் இருக்கிறது.

உங்கள் மகள்
பெத்ரோனிலா