கரடி மேட்டில் பின்னோக்கி

பெல்வால், வட ஒன்ராறியோ
நவம்பர் 9

அன்புள்ள ரேஜான்,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தொலைபேசியில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குள் சண்டை மூண்டுவிடுகிறது. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. அதற்காகவே இந்தத் தாளும் பேனாவும்.

வாத்துக் கூட்டம் தெற்கே போய்விட்டது. நேற்றிரவு விழுந்த பனி காலையில் கரையவில்லை. இனி ஏப்ரல் வரை இப்படித்தான். விறகு அடுக்கிவிட்டேன். கொட்டகைக் கூரையில் நீ "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று விட்டுப்போன ஓட்டையையும் நானே அடைத்துவிட்டேன்.

வேனுக்கு நான்கு குளிர்கால டயரும் போட்டாயிற்று. ஜீல் தன் பட்டறை வாசலில் நின்று, "முன்னாடி ரெண்டு மட்டும் மாத்தினா போதாதா ஜினெட்? இழுக்கிறதே அந்த ரெண்டுதானே" என்றான்.

"முன்னாடி பிடிச்சுக்கிட்டு பின்னாடி வழுக்கினா, நான் போற ஊருக்கு என் முதுகுதான் முதல்ல போய்ச் சேரும். நாலும் போடு" என்றேன். சிரித்துக்கொண்டே போட்டான்.

கிறிஸ்துமஸுக்குள் வீட்டைப் பூட்டிவிட்டு ஆல்பெர்ட்டாவுக்கு வந்துவிடு என்று எழுதியிருந்தாய். வரப்போவதில்லை. கோபத்தில் சொல்லவில்லை. இந்தக் குளிர்காலம் எனக்கு டிம்மின்ஸ் நகரத்தில் வாரம் மூன்று நாள் வேலை இருக்கிறது. என்ன வேலை என்று பிறகு சொல்கிறேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள். பெட்டிக்குள் வைத்து அழகு பார்க்காதே.

உன்
ஜினெட்


ஃபோர்ட் மெக்மரே, ஆல்பெர்ட்டா
நவம்பர் 23

அன்பு ஜினெட்,

காலுறை வந்தது. போட்டிருக்கிறேன்.

நீ சொல்லாத வேலையைப் பற்றி ஜீல் சொன்னான். செவ்வாய், வியாழன், சனி விடிவதற்கு முன்பே உன் வேன் நெடுஞ்சாலையில் போகிறதாம். எங்கே போகிறாய் என்று கேட்டால், "உன் பெண்டாட்டியைக் கேளு" என்கிறான்.

ஜினெட், அது மளிகை வாங்கப் போகிற வண்டி. முன்சக்கரம் மட்டும் இழுக்கிறது. வயிறு தரையைத் தொடுகிறது. அந்தச் சாலையில் மரம் ஏற்றிய லாரிகள் எப்படி வரும் என்று உனக்கே தெரியும். ஒன்று கடந்து போனால் அரை நிமிடம் வெள்ளைச் சுவருக்குள் ஓட்ட வேண்டும். கரடி மேட்டில் என் பிக்கப் லாரியே நான்கு சக்கரத்தையும் போட்டுத் திணறியிருக்கிறது. டயர் மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

போயே தீருவேன் என்றால் பின்பக்கம் நான்கு மணல் மூட்டையாவது போட்டுக்கொள். இல்லையென்றால் பனி வாரும் லாரி போன பிறகு கிளம்பு. ஒவ்வொரு செவ்வாயும் வியாழனும் சனியும் இங்கே எனக்கு வேலை ஓடாது என்பதை நினைத்துக்கொள்.

என்ன வேலை அது?

ரேஜான்


பெல்வால்
டிசம்பர் 7

அன்புள்ள ரேஜான்,

முதலில் மணல் மூட்டை. அது உன் பிக்கப்புக்குச் சரி. அது பின்னால் இருந்து தள்ளுகிற வண்டி. என்னுடையது முன்னால் இருந்து இழுக்கிறது. பின்னால் பாரம் ஏற்றினால் மூக்கு லேசாகிவிடும், இழுக்கிற சக்கரத்துக்குப் பிடிப்பு போய்விடும். எஞ்சின் முழுவதும் அந்த இரண்டு சக்கரத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கனமே போதும். அவசரப்படாமல் மிதித்து, அவசரப்படாமல் நிறுத்தினால் அது நல்ல பிராணி.

இப்போது வேலை. உட்கார்ந்து படி.

உன் அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரம் மூன்று முறை டிம்மின்ஸ் மருத்துவமனையில் டயாலிசிஸ். முன்பு கூட்டிப்போன தன்னார்வலர் அக்டோபரில் பனிக்கட்டியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். உன் அப்பா யாரிடமும் வாய் திறக்கவில்லை. கடையில் பார்த்தேன். கால் வீங்கி, செருப்பின் வாரைக் கத்தியால் கிழித்துப் போட்டுக்கொண்டு நின்றார்.

"நாளைக்குக் காலையில வாசல்ல நில்லுங்க மாமா, நான் வர்றேன்" என்றேன்.

"உன் புருஷனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சா?"

"அது எங்க ரெண்டு பேருக்குள்ள."

"இந்த டப்பாவுலயா கூட்டிட்டுப் போகப்போற?" என்று வேனைப் பார்த்தார். "நான் டயாலிசிஸ்ல சாகறதா, உன் வண்டியில சாகறதா?"

"ரெண்டும் வேண்டாம். சீட் பெல்ட்டைப் போடுங்க."

அன்று முதல் போய்வருகிறோம். ஓயாமல் குறை சொல்கிறார். நான் மெதுவாகப் போனால், "பின்னாடி ஒரு ஆமை ஹாரன் அடிக்குது, வழி விடு" என்கிறார். உருளைக்கிழங்கு அவருக்கு ஆகாது. ஆனால் திரும்பும் வழியில் வறுவல் கடை வந்தால் மட்டும் தலைசுற்றுகிறது, நிறுத்து என்பார். நான் நிறுத்துவதில்லை.

உன்னைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய். நான் அப்போதும் போயிருப்பேன். அதைவிட இது மேல் என்று தோன்றியது.

உன்
ஜினெட்


ஃபோர்ட் மெக்மரே
டிசம்பர் 19

ஜினெட்,

தம்பி லூக்கை ஏரிப் பனிக்கட்டிக்கு அடியிலிருந்து எடுத்து அடக்கம் செய்த அன்று, ஊரே நிற்க, குழியின் பக்கத்தில் அந்த மனுஷன் என்னிடம் சொன்னது உனக்கு மறந்துவிட்டதா? "நீ கூடப் போயிருந்தா என் புள்ள இருந்திருப்பான்." ஆறு வருடம் ஆகிறது. நான் ஏன் இங்கே வந்தேன் என்று நினைக்கிறாய்? சம்பளத்துக்காகவா?

என் தம்பியைப் பனி கொண்டுபோனது. இப்போது அந்த மனுஷனுக்காக என் மனைவியும் அதே பனியில் வாரம் மூன்று முறை போகிறாள். அவள் விடியும் முன் கிளம்புவதையே நான் முதலில் ஜீல் வாயால்தான் கேட்டேன்.

வேறு ஆள் பார்க்கச் சொல். ஜனவரியில் நீ இங்கே வா. இல்லை, நீ எந்தப் பக்கம் என்று முடிவு செய்.

ரேஜான்


பெல்வால்
ஜனவரி 14

அன்புள்ள ரேஜான்,

உன் கடிதத்தைக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் படித்தேன். அன்றே பதில் எழுதியிருந்தால் இன்று வருந்தியிருப்பேன். போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். அதற்குப் பிறகு என் பதில்.

வெள்ளிக்கிழமை மழை பெய்து அப்படியே உறைந்தது. அதன் மேல் இரண்டு நாள் பனி. சனிக்கிழமை நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள், அதனால் அன்றைய டயாலிசிஸ் போயிற்று. செவ்வாய் காலையில் அவர் வீட்டுக்குள் போனால், நாற்காலியிலேயே தூங்கியிருக்கிறார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். மருத்துவமனைக்குப் பேசினேன். எப்படியாவது இன்று கொண்டுவாருங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸ் நதிக்கு அந்தப் பக்கம் ஒரு விபத்துக்குப் போயிருந்தது. பத்து மணிக்குச் சாலையைத் திறந்தார்கள். கிளம்பினோம்.

கரடி மேடு வரை ஒன்றும் இல்லை. மேட்டின் அடியில் மரம் ஏற்றிய லாரி ஒன்று ஓரங்கட்டி நின்றது. ஓட்டுநர் சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். நான் நிற்காமல், வேகத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும் ஏறினேன். பாதி மேட்டில் முன்சக்கரம் இரண்டும் சும்மா சுற்றின. டயர் மேல் தப்பில்லை, பனிக்கு அடியில் முழுக்கக் கண்ணாடி. வண்டி மெல்லப் பின்னால் நழுவியது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் அடிவாரத்துக்கு இறங்கினேன். மறுபடி ஏறினேன். மறுபடி அதே இடம்.

உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "வீட்டுக்குத் திருப்பு மருமகளே. உன்னால ஆனதைப் பண்ணிட்ட." முதல் தடவையாகக் கிண்டல் இல்லாமல் பேசினார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

திருப்பலாம் என்று தலையைத் திருப்பியபோதுதான் தோன்றியது. மேட்டில் ஏறும்போது கனம் எல்லாம் பின்னால் சாய்கிறது, இழுக்கிற முன்சக்கரம் லேசாகிவிடுகிறது. உனக்கு மணல் மூட்டைக்குச் சொன்ன அதே காரணம். மூக்கு பள்ளத்தைப் பார்த்து நின்றால்? எஞ்சின், கனம், பிடிப்பு எல்லாம் கீழே, ஒரே இடத்தில்.

இறங்கி லாரிக்காரரிடம் போனேன். வெஸ்லி என்று பெயர், கிரீ பழங்குடி ஆள், மலை மாதிரி உடம்பு. "நான் ரிவர்ஸ்ல ஏறப்போறேன். மேல நின்னு எதிர்ல வர்ற வண்டியை நிறுத்துவீங்களா?"

அவர் என்னையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தார். "யக்கா, உங்க வண்டிக்கு மூஞ்சி அந்தப் பக்கம்."

"தெரியும். உள்ள ஒருத்தருக்கு மூச்சு முட்டுது."

அவர் உடனே டார்ச்சையும் சிவப்புத் துணியையும் எடுத்துக்கொண்டு ஓரப் பனியில் முழங்கால் புதைய மேலே நடந்தார். உச்சியில் நின்று கையை ஆட்டினார்.

வண்டியைத் திருப்பினேன். சக்கரம் வழுக்கும்போது எஞ்சினை அடக்கும் அந்த வசதியைப் பொத்தானை அழுத்தி அணைத்தேன். ரிவர்ஸ் போட்டு, முட்டையை மிதிப்பது போல மிதித்தேன். ஏறியது ரேஜான். ஆள் நடக்கிற வேகத்தில்தான், ஆனால் ஏறியது.

பின்கண்ணாடியில் பாதி பனி. உன் அப்பா பெல்ட்டை அவிழ்த்துவிட்டு முழுக்கத் திரும்பி, இருக்கையைக் கட்டிக்கொண்டு வழி சொல்ல ஆரம்பித்தார்.

"இடது பக்கம்... இடதும்மா! உன் இடது இல்ல, என் இடது!"

"ரெண்டு பேரும் ஒரே பக்கம்தானே பாக்கிறோம் மாமா!"

"அப்ப வலது! பள்ளத்துல விடப்போற... நிறுத்தாத, நிறுத்தாத, போ போ போ!"

உச்சியில் வெஸ்லி துணியைத் தலைக்கு மேல் சுழற்றிக் கத்தினார். எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது, இன்னும் விடவில்லை. உன் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே, "எழுபத்தெட்டு வயசுல முதல் தடவையா பின்பக்கமா மேடு ஏறியிருக்கேன்" என்றார். உச்சியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு டிம்மின்ஸ் போய்ச் சேர்ந்தோம்.

மருத்துவமனையில் புதிய செவிலிப் பெண். மறுபடி சாலை மூடினால் யாருக்குச் சொல்ல வேண்டும், பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள். வழக்கமாக அவர் "இல்ல" என்பார். நான் பக்கத்தில் நின்றேன்.

"ரெண்டு பசங்க" என்றார். "சின்னவன் போயிட்டான். பெரியவன் ஆல்பெர்ட்டாவுல இருக்கான். நல்லா வண்டி ஓட்டுவான்."

இதை உன்னைக் கரைக்க எழுதவில்லை. என் காதால் கேட்டதை உன்னிடம் மறைக்க எனக்கு உரிமை இல்லை, அவ்வளவுதான்.

இனி என் பதில். உனக்குத் தெரியாமல் தொடங்கியது என் தவறு, ஜீல் வாயால் நீ கேட்டது அதைவிடப் பெரிய தவறு. அதற்கு மன்னித்துவிடு. ஆனால் எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்காதே. நான் ஓட்டுநர் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். பனி முடியும் வரை அங்கேதான் இருப்பேன். அதற்காக நீ என்னை விட்டுவிடுவாய் என்றால், நேரில் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்.

ஜினெட்


ஃபோர்ட் மெக்மரே
பிப்ரவரி 5

அன்பு ஜினெட்,

உன் கடிதம் பல நாளாக என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. மேடு ஏறியதைப் படித்து, சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன். பிறகு வெளியே போய்ப் பிக்கப்பில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு உன் வண்டி மேல் சந்தேகம் இல்லை. எப்போதுமே இருந்ததில்லை. நீ பனி என்று எழுதும்போதெல்லாம் ஏரிக்கரையில் நின்றிருந்த அந்தச் சாயங்காலம் வந்துவிடுகிறது. அதைச் சொல்ல வாய் வராமல், முன்சக்கரம் பின்சக்கரம் என்று எதையோ எழுதிக்கொண்டிருந்தேன்.

அன்று குழியருகே அப்பா சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். அது உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

மார்ச்சில் எனக்கு ஒரு மாத விடுப்பு. வருகிறேன். மூன்று நாளும் நான் ஓட்டுகிறேன், நீ கழுத்துக்கு ஓய்வு கொடு. ஆனால் அவர் வீட்டுக்குள் போக மாட்டேன். வாசலில் வண்டி நிற்கும். அவர் வந்து பின்சீட்டில் உட்காரட்டும். அவரும் பேச வேண்டாம், நானும் பேச மாட்டேன். இதற்கு மேல் இப்போது என்னால் முடியாது.

விட்டுவிடுவது பற்றி நீ எழுதியதற்கு: வந்து உன் முகத்தைப் பார்ப்பேன். ஆனால் சொல்ல அந்த வார்த்தை என்னிடம் இல்லை.

உன்
ரேஜான்


பெல்வால்
பிப்ரவரி 18

அன்புள்ள ரேஜான்,

வா. மாடிச் சின்ன அறையில் படுக்கை விரித்து வைக்கிறேன். நம் பெரிய அறையைப் பற்றி நீ வந்த பிறகு பேசலாம், சண்டை வந்தாலும் நேரிலேயே வரட்டும்.

செவ்வாயும் வியாழனும் நீ ஓட்டு. சனிக்கிழமை என்னுடையது, அதை விடமாட்டேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கொல்லாமல் வாரத்தை முடித்தீர்களா என்று யாராவது பார்க்க வேண்டும். வேனை உன் பிக்கப் மாதிரி மிதிக்காதே. பின்பக்கம் லேசாக ஆடும், பயந்து பிரேக்கை அழுத்தாதே. போக வேண்டிய இடத்தைப் பார், வண்டி பின்னாலேயே வரும்.

உன் கடிதத்தில் அவரைப் பற்றிய பகுதியை மட்டும் இன்று வழியில் அவருக்குப் படித்துக் காட்டினேன், பெட்ரோல் போட நிறுத்தியபோது. கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மர அறுவை ஆலை கடந்தது, பாலம் கடந்தது. ஊர் எல்லையில்தான் பேசினார்.

"பின்னாடி உக்கார மாட்டேன்னு எழுது. பின்னாடி உக்காந்தா எனக்கு வாந்தி வரும்."

"எழுதறேன்."

இன்னும் கொஞ்ச தூரம் போன பிறகு: "பேச வேண்டாம்னா பேச வேண்டாம். அது அவன் இஷ்டம். ரேடியோவாவது போடலாமான்னு கேளு."

கேட்டுவிட்டேன். ஆனால் பதிலை எனக்கு எழுதாதே. நான் ஓட்டுவதற்குத்தான் ஒத்துக்கொண்டேன், உங்கள் இருவருக்கும் நடுவில் தபால்காரி வேலைக்கு இல்லை. அவருக்கே எழுது. முகவரி மாறவில்லை, நீ பிறந்த வீடுதான்.

உன்னை எதிர்பார்க்கும்
ஜினெட்