கூரை கட்டிவிடும் கை

தை 20, செவ்வாய்

எட்டு மணி வரை பனி. எதிரே பீங்கான் கம்பெனிப் புகைபோக்கி பாதிக்கு மேல் தெரியவில்லை. இஸ்திரிப் பெட்டி சூடாகும் வரை டீ.

இந்த வாரம் புடவை கட்டிவிட:
புதன் – மங்கலம்பேட்டை நிக்காஹ். மெரூன் பட்டு, தலைக்குத் துப்பட்டா.
வியாழன் மாலை, வெள்ளி காலை – கருவேப்பிலங்குறிச்சிப் பொண்ணு தமிழரசி. வரவேற்புக்கு லெஹங்கா, முகூர்த்தத்துக்குக் கூரைப்புடவை.
திங்கள் – சர்ச் கல்யாணம். வெள்ளைப் பட்டு.
வாங்க: ஊக்கு 2 அட்டை, ஹேர்பின்.

மெரூனுக்கு முந்தானை மடிப்பு வைத்தேன். மற்றவர்களுக்கு ஐந்து, கல்யாணப் பொண்ணுக்கு ஏழு. பட்டிலிருந்து ஆவி எழும்பும்போது பார்க்காத வீடுகள் தெரிகிற மாதிரி. இந்த முந்தானையை எந்தக் குழந்தை பிடித்து இழுக்கும் என்று யோசித்தபடி நின்றதில் கிளிப் விரலைக் கடித்தது.

கீழ் வீட்டு ரஹ்மத் அக்கா தைத்த பிளவுஸோடு வந்து நின்றிருக்கிறார். தெரியவே இல்லை. "கலா, எந்த ஊர்ல இருக்க?"

அவருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு, என் புருஷன் துபாயில். சதீஷ் போய் ஆறு வருஷம். துபாய் இல்லை, இங்கே பக்கத்தில் அவன் ஊர் மங்களூர் ரோட்டில், பைக் விபத்தில். புருஷன் இல்லாதவள் கல்யாணப் பொண்ணுக்குப் புடவை கட்டலாமா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே. அதற்குத்தான் கழுத்தில் மஞ்சள் கயிறு. சில நாள் துபாயே நிஜம் மாதிரி. அங்கே இப்போது மணி என்ன என்று பார்ப்பேன்.

தை 21, புதன்

மங்கலம்பேட்டை. பொண்ணு ஷாஹினா. மாப்பிள்ளை குவைத், ஒரு மாச லீவு. சம்மதம் கேட்க அவள் மாமாவும் இரண்டு சாட்சிகளும் கதவருகே வந்தார்கள். அவள் குரல் கேட்க யாரோ ஃபேனை நிறுத்தினார்கள். "சம்மதம்" என்றாள். துப்பட்டாவின் ஓரம் என் கையில். என்னையும் கேட்ட மாதிரி இருந்தது.

என்னை யாரும் கேட்டதில்லை. குனியச் சொன்னார்கள், குனிந்தேன். பிறகு பிடித்துப்போயிற்று, அது வேறு.

மாப்பிள்ளையின் அக்கா தாலியாகக் கருகமணி கட்டினார். "சாப்புடாம போயிடாதீங்க." பிரியாணி. பஸ்ஸில் தூங்கி ஸ்டாப்பைத் தாண்டிவிட்டேன்.

தை 22, வியாழன்

மண்டப வரவேற்பு. லெஹங்கா இடுப்பில் தளர்வு, நான்கு ஊக்கு. தமிழரசி வாய் ஓயாத பொண்ணு. அவள் அம்மா கடைசி வரிசை நாற்காலியில். சாம்பல் நிறப் புடவை, வெறும் நெற்றி. பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற வேலை.

"நாளைக்கி எங்க அண்ணனும் அண்ணியும்தான் தார வாக்குறாங்க. நான் மேடைக்கி வரக்கூடாதாம்." சாதாரணமாகத்தான் சொன்னார். என் கயிற்றைப் பார்த்து, "ஒங்க வூட்டுக்காரரு?"

"துபாய்ங்க."

இன்று நாக்கு கசந்தது.

தை 23, வெள்ளி. மாலை.

எழுதாவிட்டால் நடந்ததா என்றே சந்தேகம் வரும்.

கூரைப்புடவைக்கு முன்கூட்டி மடிப்பு வைக்கக் கூடாது, பிரிக்காத புடவைதான் கட்ட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருந்தார்கள். தட்டில் வைத்து எல்லோரும் தொட்டுக் கும்பிட்ட பிறகு அறைக்கு வந்தது. அரக்கு நிறம். கட்டப் பத்து நிமிஷம். தட்டோடு வந்தவர் மாப்பிள்ளையின் அத்தை.

"நீ மங்களூரு சதீசு பொண்டாட்டிதான?"

துபாய் என்று வாயில் வரவில்லை.

"இவ புருஷன் செத்து வருஷமாவுது. கயித்தக் கட்டிக்கினு வந்து நிக்குது பாரு. இவ கையாலயா கூர கட்டுவீங்க?"

தமிழரசியின் தாய்மாமன் வீட்டு மாமி என்னிடம் மெதுவாக, "கொஞ்சம் வெளிய இருங்க." ஊக்கு அட்டையை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

மண்டபத்துக்குப் பின்னால் காய் நறுக்குகிற இடம். அங்கே தமிழரசியின் அம்மா, ஆறிப்போன காபியோடு. இட்லி ஆவி இருவர் மேலும். நாதஸ்வரம் எங்கோ வேறு ஊரில் வாசிக்கிற மாதிரி. நடந்ததைச் சொன்னேன்.

"எத்தினி வருஷம்?"

"ஆறுங்க."

"எனக்கு ஒம்போது."

பக்கத்து ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். மாமி ஓடி வந்தார். "கூர நிக்க மாட்டுது. மூணு தபா அவுத்தாச்சு. ஐயரு கூப்புடுறாரு."

அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "வா."

"வேணாங்கம்மா, பிரச்சன ஆயிடும்."

"பெத்தவ நானு. வா."

அறையில் அத்தை வழியை மறித்தார். "ரெண்டு பேருமா?"

"ஆமாங்க," அம்மா சொன்னார். "நீங்க போயி ஒக்காருங்க, பொண்ணு இப்ப வந்துடும்."

தமிழரசி இரண்டு கையையும் தூக்கி நின்றாள். முதல் சுற்றை அம்மா இடுப்பில் செருகினார். கொசுவம் நான். பட்டு தானாகவே வந்து விரலில் விழுந்தது, தண்ணீர் மாதிரி.

அம்மா மகளோடு மேடை வரை நடந்தார். ஏறவில்லை. படிக்குக் கீழேயே நின்று தாலி கட்டுவதைப் பார்த்தார். அத்தை சாப்பிடாமல் போனாராம்.

தை 25, ஞாயிறு

வெயில். இரண்டு ஃபோன். மாசி கல்யாணத்துக்கு ஒருவர் வேறு ஆள் பார்த்துவிட்டாராம். இன்னொருவர் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்றார்.

ரஹ்மத் அக்கா: "எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சி. வுடு. இனிமே துபாயில மணி என்னான்னு பாக்க வேணாம்."

சிரித்தேன். அவர் போன பிறகு அழுதேன். சதீஷ் இன்றைக்குத்தான் போன மாதிரி. ஆறு வருஷமாக எங்கோ வேலை செய்துகொண்டிருந்தவன், இன்று இல்லை. மத்தியானம் கயிற்றைக் கழற்றினேன். பொட்டு இருக்கட்டும். அது கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே என்னுடையது.

தை 26, திங்கள்

சர்ச். கழுத்தில் ஒன்றும் இல்லாமல் போனேன். பொண்ணின் அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை, கவனித்தார். வெள்ளைப் பட்டு, தலையில் வலை, ஜன்னல் வெளிச்சம். இங்கே கல்யாணப் பொண்ணு கட்டுவது வெள்ளை. வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்தது தெரியவில்லை.

மறக்காமல்: ரஹ்மத் அக்காவுக்கு நூல்கண்டு, மெரூன்.

தை 27, செவ்வாய்

கம்பெனி மத்தியானச் சங்கு ஊதிய பிறகு கதவு தட்டும் சத்தம். தமிழரசியின் அம்மா. கையில் துணிப்பை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து சம்பந்திக்கு வைத்துக் கொடுத்த பட்டு, மாம்பழ நிறம். நாளை மகளைப் பார்க்கப் போகிறார்.

"கட்டிப் பாக்கலாம்னு. ஒம்போது வருஷம் ஆச்சி, கட்ட வருமான்னு தெரில."

கண்ணாடி முன் நிற்க வைத்தேன். கல்யாணப் பொண்ணுகள் நிற்கிற மாதிரியே கையை விலக்கி நின்றார், கண்ணை மூடிக்கொண்டு. முந்தானை ஐந்து மடிப்பு போதுமா என்று கேட்டேன்.

"ஏழு வய்யி."