மருந்தடிக்காத வாய்க்கால் ஓரம்

என் தவராசா மச்சானுக்கு,

இன்று விடியற்காலை மழை விட்டிருந்தது. வாய்க்கால் கரையில் போய் நின்றேன். எது தண்ணீர், எது வானம் என்று பிரிக்க முடியாத பனி. அதற்குள் எங்கோ ஒரு கானாங்கோழி கூப்பிட்டது. நீ பக்கத்தில் நிற்கிறாய் என்ற நினைப்பில், "கேட்டியா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

இதே கரையில்தான் நீ ஒரு மதியம் ஆற்றில் வலை வீசிவிட்டு வந்து, ஈரச் சாரத்துண்டின் முடிச்சை அவிழ்த்துச் செத்த இறால்களைக் கொட்டினாய். "மச்சான், உன்ட வயல் வட்டையில அடிக்கிற மருந்து எங்கட ஆத்துக்குத்தான் வந்து சேருது" என்றாய். வேளாண்மையை நீயா வந்து காப்பாற்றப் போகிறாய் என்று நான் கத்தினேன். என் மருந்துதான் கொன்றதா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு நான் யோசித்துக்கூடப் பார்க்கவில்லையே.

இரண்டு வருடம் பேசாமல் இருந்தோம். பிறகு நெஞ்சுவலியில் நீ போய்விட்ட செய்திதான் வந்தது. தன்னாமுனையில் உன் வீட்டுக்கு வந்தும் வாசல் படலைக்கு வெளியேயே நின்றுவிட்டேன். வசந்தா, என் கூடப் பிறந்தவள், உன் மனைவி, என்னைப் பார்த்தாள். 

போன போகத்தில் மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்து வாய்க்கால் ஓரம் வரை போனேன். உன் இறால்கள் நினைவுக்கு வந்தன. அடிக்காமல் இறக்கி வைத்துவிட்டேன். அந்த ஓரம் முழுக்கப் பன்புல் இடுப்பளவு எழும்பியது. ஆம்பல் பூத்தது. நீலத் தாழைக்கோழிகள் கூட்டமாக இறங்கி நெல்லை மிதித்துத் தின்றன. இரண்டு நாள் தகரம் தட்டி விரட்டினேன், பொய் சொல்லமாட்டேன். பக்கத்து வயல்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தப் பக்கம் விளைச்சலும் குறைவுதான்.

அப்படியிருக்க ஒரு காலை, நீண்ட வாலோடு ஒரு தாமரைக்கோழி ஆம்பல் இலைகளின் மேல் நடந்து போனது. பின்னால் நாலு குஞ்சுகள். இலை அமிழவேயில்லை, மச்சான். கனவில் நடப்பது போல நடந்தன. யாருக்காவது சொல்லியே ஆகவேண்டும் போலிருந்தது. வசந்தாவுக்குப் போன் எடுத்தேன்.

மறுநாள் பஸ் ஏறித் தனியே வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வரம்பில் குந்தி நெடுநேரம் பார்த்தாள். உன்னிடம் மன்னிப்புக் கேட்காமல் போய்விட்டேனே என்று நான் தொடங்கினேன்.

"அவரிட்டக் கேட்டா இனி ஆர் பதில் சொல்ற? என்னட்டக் கேளுங்க. ரெண்டு வருசம் எனக்கும் அண்ணன் இல்லாமத்தானே கிடந்தது."

கேட்டேன்.  அவள் எழும்பி, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "வீட்ட சோறு ஆக்கியாச்சா?" என்று கேட்டாள். அன்று எங்கள் வீட்டில் சாப்பிட்டாள்.

இந்தத் தண்ணீர் ஆற்றில் விழுந்து, உவர்நீரில் நிற்கும் கண்ணாக் காடுகளின் வேர்களுக்குள் நுழைந்து, வாவியில் பரந்து, உன் சாம்பலைக் கரைத்த முகத்துவாரத்துக்கு எத்தனை நாளில் வரும்? உனக்கு அது தெரியுமா?

இந்த மாரியில் வாய்க்காலின் இரண்டு கரையையும் மருந்தடிக்காமல் விட்டுவிட்டேன். உன்னிடம் வந்து சேரும் தண்ணீரை இனிப் பார்த்துத்தான் அனுப்புவேன்.

படுவான்கரையிலிருந்து,
வசந்தாவின் அண்ணன்,
உன் மச்சான்.