சாவியைத் தந்தால் போதாது

அன்புத் தங்கைக்கு,

உன் அண்ணனாகிய நான், உன் தையற்கடை இருக்கும் கட்டிடத்தின் உரிமையாளன் என்ற முறையில், நமது வாடகை ஒப்பந்தத்தின் தீவிபத்துப் பிரிவு குறித்து இதை எழுதுகிறேன்.

சுவருக்குள் ஓடும் மின்கம்பியில்தான் தீப்பிடித்தது எனத் தீயணைப்பு அதிகாரி எழுதிக் கொடுத்துவிட்டார். நீ அணைக்க மறந்ததாகப் புலம்பும் இஸ்திரிப் பெட்டிக்கு இதில் பங்கில்லை. ஒப்பந்தப்படி சுவரும் கம்பியும் என் பொறுப்பு. நான் சீரமைத்துத் தரும்வரை வாடகையும் கிடையாது.

நேற்று என் மேசைமேல் சாவியை வைத்துவிட்டு, "கடையே வேணாம்ணா, உனக்கு நான் இழுத்துவிட்ட நஷ்டமே போதும்" என்றாய். அவ்வாறு காலி செய்ய இயலாது. தீவிபத்துக்குப் பின் விலக விரும்புவோர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். நீ அழுதாய், எழுதித் தரவில்லை. ஆகவே ஒப்பந்தம் நிற்கிறது.

அன்று நான் வெறுங்காலோடு ஓடிவந்ததாக உன் அண்ணி எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள். விரைந்து நடந்தேன், அவ்வளவுதான். தீ எவ்வளவு உயரம் எரிந்தது என்று என்னிடம் கேட்காதே. நான் கூட்டத்தில் உன்னைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நாளைக் காலை கொத்தனாரையும் எலக்ட்ரீஷியனையும் அழைத்துக்கொண்டு கடைக்கு வருகிறேன். கதவை நான் திறக்க மாட்டேன். சாவியை உன் கையில் கொடுத்துவிட்டு, நீ திறக்கும்வரை வாசலில் நிற்பேன்.

இங்ஙனம்,
கட்டிட உரிமையாளன்,
உன் அண்ணன்