மணலுக்குள் போட்ட குழாய்

சாத்தூர்
17.4.2006

அன்பு மகன் தவுபிக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சென்னையில் நீயும் யாஸ்மினும் பிள்ளைகளும் இறைவன் கருணையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு முட்டுவலியைத் தவிர வேறு குறை இல்லை. போனில் பேசினால் நடுவில் புகுந்து சமாதானம் சொல்லிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரி வரைக்கும் படி.

யாஸ்மின் அனுப்பிய சேலை வந்தது. நிறம் என் வயதுக்குக் கொஞ்சம் தூக்கல், நெசவு நன்றாக இருக்கிறது. அவளிடம் சொல்.

ஜனவரியில் ஆற்றங்கரைத் தெருப் பெண்கள் நம் வீட்டுக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். ஆற்று மணலில் தோண்டிய ஊற்றுத் தண்ணீரில் வாடை வருகிறது, பிள்ளைகளுக்குக் காலெல்லாம் புண் என்றார்கள். பட்டாசுக் காகிதத்துக்கு ஏற்றும் நம் கம்பெனிச் சாயம்தான் காரணம் என்று சின்னத்தாய் என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். நான் உன்னை வரவழைத்துக் கேட்டேன். என் தலையில் கை வைத்து, "ஒரு சொட்டு ஆத்துல விடலம்மா, அம்புட்டும் டேங்கர்லதான் போகுது" என்றாய். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

தாலுகா அலுவலகத்தில் நடந்த விசாரணையில் நானே எழுந்து அதைச் சொன்னேன். ஊர்ச் சாக்கடை கலக்கிறது, கரையில் குப்பையைக் கொட்டுகிறார்கள், அங்கேயே வண்டி கழுவுகிறார்கள், அதையெல்லாம் விட்டுவிட்டு என் மகன் மேல் பழி போடலாமா என்றும் கேட்டேன். அதிகாரிகள் கரையோரம் நடந்து பார்த்தார்கள். வாய்க்காலும் இல்லை, குழாயும் இல்லை. பாயம்மா பொய் சொல்ல மாட்டாக என்று சின்னத்தாய்தான் மற்றவர்களை அழைத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். நகராட்சித் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது.

போன சனிக்கிழமை சின்னத்தாய் மறுபடி வந்தாள். ஆறு வரைக்கும் வந்துவிட்டுப் போங்க என்று மட்டும் கூப்பிட்டாள். ஆட்டோ வைத்துப் போனேன். பழைய ஊற்றுகள் வற்றியதால் கம்பெனிக்கு எதிரே, நடு ஆற்றில் புதிதாகத் தோண்டியிருந்தார்கள். இடுப்பளவு ஆழத்தில் ஒரு குழாய். வரிசையாகத் துளை போட்டு, மேலே சாக்கைச் சுற்றியிருந்தது. சாக்கை விலக்கினார்கள். பச்சைத் தண்ணீர் கசிந்தது. அன்றைக்குக் கம்பெனியில் ஓடியது பச்சைக் காகிதம். சரவெடிக்குச் சிவப்புக் காகிதம் ஓடும் நாளில் சிவப்பாகக் கசிந்திருக்கும்.

யாரும் சத்தம் போடவில்லை. அதே தெரு இருளம்மாள் மட்டும் என்னைப் பார்க்காமல் சின்னத்தாயிடம் கேட்டாள்: "ஏக்கா, டேங்கர் லாரி மண்ணுக்குள்ளயும் ஓடுமா?"

சிலர் சிரித்தார்கள். சின்னத்தாய் சிரிக்கவில்லை. "வெயில்ல நிக்காதீக பாயம்மா, வீட்டுக்குப் போங்க" என்றாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

நேரே கம்பெனிக்குப் போய் மேனேஜர் சுந்தரபாண்டியைக் கேட்டேன். முதலாளி சொல்லித்தான் டிசம்பரில் போட்டோம், ஆறுதான் காய்ந்து கிடக்கிறதே, சீசன் லோடு முடிந்ததும் சுத்திகரிப்புத் தொட்டி கட்டிக்கொள்ளலாம் என்று முதலாளி சொன்னார் என்றார். காய்ந்த ஆற்றின் மணலுக்கு அடியில்தான் இந்த ஊருக்குத் தண்ணீர் ஓடுகிறது என்பது ஊற்றில் கோரிக் குடித்து வளர்ந்த உனக்கா தெரியாது?

டிசம்பர் என்றதும் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. டிசம்பரில் இருந்துதான் நம் வீட்டுக்குக் கேன் தண்ணீர் வருகிறது. வயதான காலத்தில் ஆற்றுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாதம்மா என்றாய். என் மகனுக்கு என் மேல் இருக்கிற அக்கறையைப் பார் என்று தெருவெல்லாம் சொன்னேன். இருளம்மாளிடமும் சொன்னேன். அவள் பேத்தியின் கால் புண் இன்னும் ஆறவில்லை. என்னைக் காப்பாற்றத் தெரிந்த உனக்கு அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது. அது தெரிந்துதான் என் தலையில் கை வைத்தாய். நம்பிக் கேட்ட என்னையே அவர்கள் முன்னால் உன் சாட்சியாக நிறுத்தினாய். கம்பெனிப் பலகையில் உன் அத்தாவின் பெயர் இருக்கிறது. அவர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நான் எழுதப்போவதில்லை. உனக்கே தெரியும்.

நான் படித்த கான்வென்டில் சிஸ்டர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பொய்யான ஒன்றைச் சொல்லிவிட்டால், எந்த வகுப்பில் சொன்னோமோ அதே வகுப்பில் எழுந்து நின்று திருத்த வேண்டும். தனியாகப் போய்ச் சொன்னால் செல்லாது. 24ஆம் தேதி திங்கட்கிழமை அதே அலுவலகத்தில் மறுபடி விசாரணை. பெண்கள் என்னைக் கூப்பிடவில்லை. ஆனாலும் போவேன். என் கண்ணால் பார்த்ததைச் சொல்வேன். என் மகன் என்னிடம் சொன்னது பொய் என்றும் சொல்வேன்.

அதற்குள் நீ வர வேண்டும். இரவில் ஆள் வைத்துக் குழாயை உருவிவிடலாம் என்று நினைக்காதே. பகலில், அந்தப் பெண்கள் பார்க்க, நீ நின்று தோண்டி எடுக்க வேண்டும். தொட்டி கட்டும் வரை ஆர்டர் எதுவும் எடுக்காதே. வேலை நிற்கும் நாட்களில் ஆட்களுக்குக் கூலியும், அந்தத் தெருவுக்குக் குடிதண்ணீரும் நீதான் கொடுக்க வேண்டும். பிறகு விசாரணையில் நீயே எழுந்து சொல். நீ சொன்னால் நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சொல்லாவிட்டால் சின்னத்தாய் பக்கத்தில் உட்காருவேன், அவள் இடம் கொடுத்தால்.

ஐந்து வேளைத் தொழுகையிலும் உனக்காகத் துஆ கேட்கிறேன். முன்பெல்லாம் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் கேட்பேன். சனிக்கிழமையில் இருந்து வேறொன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சோற்றை இரண்டு பேருக்கு ஆக்கச் சொல்லியிருக்கிறேன். அல்லாஹ் உன்னைப் பகல் வெளிச்சத்தில் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா
மெகருன்னிசா